குறியும் சிதறலும்



ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் பிள்ளைப்பாக்கம் என்ற ஊர் இருக்கிறது. பெரிய ஏரியும் நெல்வயலுமாக அறியப்பட்ட அவ்வூர்ப் பகுதியில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. காலையில் அச்சாலையில் நின்றால் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைக் காணலாம். அவர்களுள் பலர் நாள் முழுவதும் செய்வது ஒரே வேலைதான். நேற்றுச் செய்த பொருளைப் போலவே இன்றும் ஒரு பொருளைச் செய்தல். முதலாவது போலவே ஆயிரமாவதையும் செய்தல். கேட்பதற்கு இது மிக எளிய வேலையாகத் தோன்றும். மனித முயற்சிகளுள் மிகக் கடினமானவற்றுள் இதுவும் ஒன்று என்பதை, துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும் விளையாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று விளக்க முற்படுகிறேன்.

தொழிற்சாலைப் பேச்சில் துப்பாக்கி எங்கே வந்தது என்று நீங்கள் வியக்கலாம். பிள்ளைப்பாக்கத்தை அடுத்துள்ள ஒரகடத்தில் 2013ஆம் ஆண்டிலும், வல்லம் வடகாலில் 2017ஆம் ஆண்டிலும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் தொடங்கப்பெற்றன. அந்தப் பெயரிலேயே துப்பாக்கி இருக்கிறது. இலண்டனுக்கு அருகில் என்ஃபீல்டு என்னும் ஊரில் ஆங்கில அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு நுண்ணிய உறுப்புகளைச் செய்து கொடுத்த ஒரு சைக்கிள் நிறுவனம், அந்தப் பெருமையைக் காட்டிக்கொள்ள அவ்வூர்ப் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. ‘துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது’ என்பதே அதன் விளம்பர வாசகம். 1857ஆம் ஆண்டில் வட இந்தியச் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்த கொழுப்புத் தடவிய தோட்டாக்கள், இதே என்ஃபீல்டு பெயர் தாங்கிய துப்பாக்கிக்கு உரியவை. அது வேறு கதை. ஒரு துப்பாக்கியின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றில் பொருத்தினால் அது அப்படியே பொருந்தவேண்டும் என்ற எண்ணம் வேரூன்றிய இடங்களுள் அந்தத் தொழிற்சாலையும் ஒன்று என்பதே நமக்கு இங்கு வேண்டுவது.

இனிக் குறிசுடும் விளையாட்டுக்கு வருவோம். 10 மீட்டர் தொலைவில் காற்றுத் துப்பாக்கியால் சுடும் போட்டியை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். 2008ஆம் ஆண்டு அபினவ் பிந்த்ரா அதில்தான் தங்கம் வென்றார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012ஆம் ஆண்டு அதிலேயே வெண்கலம் பெற்றார். 50 மீட்டர் துப்பாக்கிப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே 2024ஆம் ஆண்டு பாரிசில் வெண்கலம் வென்றார். இவையெல்லாம் குறுகிய தொலைவுகள். இவற்றிற்கு அப்பால் நெடுந்தொலைவுக் குறிசுடுதல் என்று ஒன்று உண்டு. அதில் குறிப்பலகை 900 மீட்டருக்கு அப்பால், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும். வெறுங்கண்ணுக்கு அது ஒரு வெண்புள்ளி. இங்கிலாந்தில் பிஸ்லி என்னும் இடத்தில் 1890ஆம் ஆண்டு முதல் இத்தகைய போட்டிகள் நடந்து வருகின்றன. எஃப் வகுப்பு என்று பெயர்பெற்ற போட்டியில், நடுவட்டம் கோண அளவில் ஒரு கலையே அகலமுள்ளது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. 900 மீட்டர் தொலைவில் அது 26 சென்டிமீட்டர். ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம். அதனுள்ளும் பாதி அகலமுள்ள உள்வட்டம் ஒன்று உண்டு.

துப்பாக்கியை அசையாமல் மேடையில் கட்டிவைத்து, அதே குறிக்குப் பத்துத் தோட்டாக்களைச் சுட்டால் பத்தும் ஒரே துளையில் விழுமா? விழா. சிதறி விழும். அந்தச் சிதறலின் காரணங்களுள் ஒன்று தோட்டாக்கள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமையே. ஆகவே நெடுந்தொலைவுக் குறிசுடுவோர் பல நாடுகளில் கடைத் தோட்டாவை வாங்காமல், தாமே ஒவ்வொன்றாக நிரப்பிக் கொள்கின்றனர். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் தோட்டாவை வைத்திருப்பதும் குற்றம், செய்வதும் குற்றம். ஆகையால் நான் கூறப்போவது செய்முறை அன்று; அதன் உள்ளே இருக்கும் அறிவியல்.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை. பித்தளை உறை ஒன்று, அதன் அடியில் ஊசி தட்டியதும் பொறி எழுப்பும் பிரைமர் என்ற சிறு சிமிழ், உறையினுள் வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. பிரைமர் பொறிந்ததும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயுவின் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல 4000 மடங்கு வரை உயர்கிறது. குண்டு குழலைவிட்டு வெளியேற ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே ஆகிறது. வெளியேறும்போது அதன் வேகம் வினாடிக்கு 800 மீட்டர் அளவில் இருக்கும். அந்த வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறினால் என்ன ஆகும்?

பள்ளிக் கணக்கே போதும். காற்று இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிடையாகச் செல்லும் குண்டு 900 மீட்டரைக் கடக்க 1.125 வினாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதனை 6.2 மீட்டர் கீழே இழுத்துவிடும். அடுத்த குண்டு வினாடிக்கு 796 மீட்டர் வேகத்தில் வந்தால், அதாவது இருநூறில் ஒரு பங்கு குறைந்தால், வீழ்ச்சி நூறில் ஒரு பங்கு கூடும். வேகம் வர்க்கமாக வகுக்கும் இடத்தில் நிற்பதால் சிறு பிழை இரட்டிப்பாகிறது. எனவே இரண்டாவது குண்டு 6 சென்டிமீட்டர் தாழ்வாகப் படும். உண்மையில் காற்று உண்டு. காற்றின் தடையால் குண்டின் வேகம் 900 மீட்டரை அடைவதற்குள் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. பயண நேரம் நீளுகிறது. வீழ்ச்சி பத்து மீட்டருக்கு மேல் போகிறது. ஆகவே அந்த 4 மீட்டர் வேக வேறுபாடு பத்துச் சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட உயர வேறுபாடாகத் தோன்றும். உள்வட்டத்தின் அகலமே 13 சென்டிமீட்டர் என்பதை நினைவு கூருங்கள். 100 மீட்டர் தொலைவில் இதே வேறுபாடு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே சென்று, கண்ணில் படாமலே போய்விடும். அருகில் நல்ல தோட்டா என்று பெயர் வாங்கியது தொலைவில் கெட்ட தோட்டா ஆவது இதனாலேதான்.

குண்டின் வேகத்தை எவ்வாறு அளந்தனர்? இவ்வினாவுக்கு முதல் நல்ல விடை சொன்னவரின் வாழ்க்கை நம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் முடிந்தது என்பதைப் பலர் அறியார். பெஞ்சமின் ராபின்ஸ் என்பது அவர் பெயர். 1707ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த கணித அறிஞர். 1742ஆம் ஆண்டில் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் பற்றி அவர் எழுதிய நூலில் ஓர் எளிய கருவி விளக்கப்பட்டிருந்தது. கனமான மரக்கட்டை ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட வேண்டும். குண்டை அதில் பாய்ச்ச வேண்டும். கட்டை எவ்வளவு ஆடியது என்று பார்க்கவேண்டும். அவ்வளவே.

இன்றைய அளவுகளில் ஒரு கணக்குப் போடுவோம். 10 கிராம் குண்டு வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வந்து, 8 கிலோகிராம் கட்டையில் பதிகிறது. உந்தம் அழிவதில்லை. எனவே கட்டையும் குண்டும் சேர்ந்து வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் நகரத் தொடங்கும். அந்த வேகத்திற்கு ஊசல் 5 சென்டிமீட்டர் உயரும். ஐந்து சென்டிமீட்டரை அளவுகோலால் அளக்கலாம்; எண்ணூறு மீட்டர் வேகத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. அளக்க முடியாத ஒன்றை அளக்கக்கூடிய ஒன்றாக மாற்றியதுதான் ராபின்சின் மேதைமை. இந்த ஊசலை வெவ்வேறு தொலைவுகளில் வைத்துச் சுட்டுப் பார்த்து, விரைந்து செல்லும் குண்டைக் காற்று தடுக்கும் விசை அக்குண்டின் எடையைப் போலப் பன்மடங்கு என்று அவர் நிறுவினார். அதற்கு முன் காற்றுத்தடை அற்பமானது என்றே பலர் நினைத்திருந்தனர். மாபெரும் கணிதரான ஆய்லர் அந்நூலைச் செர்மன் மொழியில் பெயர்த்து, நீண்ட உரையும் எழுதி 1745ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு நூலுக்கு அதைவிடச் சிறந்த மதிப்புரை வேறு என்ன வேண்டும்!

ராபின்ஸ் பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நியமனம் பெற்று, கோட்டைகளைச் சீர்செய்ய 1750ஆம் ஆண்டில் இங்கே வந்தார். அடுத்த ஆண்டு, 1751 சூலைத் திங்களில், கடலூரை ஒட்டிய செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். வயது நாற்பத்து நான்கே. கடலூர்ப் பக்கத்து மாணவர்கள் தேவனாம்பட்டினம் செல்லும்போது இவரை நினைத்துக்கொள்ளலாம்.

இன்று ஊசலின் இடத்தில் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. குண்டின் நிழல் இரண்டு ஒளிக்கண்களைக் கடக்கும் நேரத்தை அளப்பது ஒரு வகை. ராடார் அலையை அனுப்பி அளப்பது மற்றொரு வகை. ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் அவை உடனே எண்ணாகக் காட்டிவிடும். ஆனால் எண் கிடைத்துவிட்டது என்பதாலேயே அறிவு கிடைத்துவிடாது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வேகம் ஏன் மாறுகிறது? முதற்காரணம் மருந்தின் அளவு. ஒரு தோட்டாவில் இடும் மருந்து ஏறத்தாழ 3 கிராம். அதனைப் படியளவாக அளப்பது ஒரு முறை. தராசில் நிறுப்பது மற்றொரு முறை. நெல்லைப் படியால் அளப்பதை நம் கிராமத்துப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதே படி, அதே நெல். கொட்டியபடியே தலைதட்டினால் ஓர் அளவு. படியை ஒரு குலுக்குக் குலுக்கித் தலைதட்டினால் வேறோர் அளவு. களத்து மேட்டில் எத்தனையோ வழக்குகள் இந்த ஒரு குலுக்கினால் எழுந்ததுண்டு. மருந்தும் மணிமணியாக உள்ள பொருளே. அளவு கருவியில் விழும் விதத்தால் அதன் எடை மாறும். ஆகையால் அக்கறையுள்ளவர்கள் நிறுத்தே இடுகின்றனர். எத்துணை நுட்பமாக என்றால், 6 மில்லிகிராம் வரை. பொற்கொல்லரின் குன்றிமணி உங்களுக்குத் தெரியும். அதன் எடையில் இருபதில் ஒரு பங்கு இது. அவ்வளவு மாறினாலே குண்டின் வேகம் வினாடிக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை மாறக்கூடும்.

ஆனால் எடை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. மருந்தின் ஆற்றலும் ஒன்றாக இருக்கவேண்டும். இங்கே நம் நீலகிரிக்கு ஒரு பங்கு உண்டு. குன்னூருக்கும் உதகைக்கும் இடையில் அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. கார்டைட் என்பது 1889ஆம் ஆண்டில் ஏபல், டிவார் என்னும் இருவர் கண்ட புகையற்ற மருந்து. மாவுபோல் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் அச்சில் பிழிந்து, நீண்ட இழைகளாக எடுப்பதால் கயிறு என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து அப்பெயர் பெற்றது. இழையின் பருமன் ஏன் முக்கியம்? மருந்து மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிவது. மெல்லிய சுள்ளி சட்டென எரிவதும், பருத்த கட்டை நின்று எரிவதும் அடுப்பங்கரையில் காண்பதே. இழையின் பருமன் மாறினால் எரியும் விரைவு மாறும், அழுத்தம் மாறும், வேகம் மாறும். எனவே மருந்து ஆலைகளில் ஒரு தொகுதி சற்று விரைந்து எரிவதாகவும் மற்றொன்று சற்று மெதுவாக எரிவதாகவும் அமைந்தால், இரண்டையும் தக்கபடி கலந்து, எப்போதும் ஒரே தன்மை வருமாறு செய்கின்றனர். அருவங்காட்டு ஆலை 2021ஆம் ஆண்டு முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

வெப்பமும் மருந்தைப் பாதிக்கும். வெயிலில் கிடந்த தோட்டா நிழலில் கிடந்த தோட்டாவைவிட வேகமாகப் பாயும். சித்திரை வெயிலில் நம் பகுதியில் ஓர் இரும்புப் பெட்டி எவ்வளவு சுடும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது பித்தளை உறை. செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு கலந்த உலோகம் அது. ஒவ்வொரு முறை சுடும்போதும் உறை விரிகிறது. மறுபடி அச்சில் அழுத்திச் சுருக்குகின்றனர். இவ்வாறு விரிந்து சுருங்க, உறையின் கழுத்து கடினமாகிக் குண்டைப் பிடிக்கும் பிடி மாறிவிடுகிறது. பாத்திரம் அடிக்கும் கன்னார், தகட்டைத் தட்டத் தட்ட அது விறைத்துப்போவதைக் கண்டு, இடையிடையே உலையில் காய்ச்சி இளக வைப்பார்கள். குறிசுடுவோரும் உறையின் கழுத்தை அவ்வாறே காய்ச்சி இளக்குகின்றனர். பாத்திரக் கடைத்தெருவில் பல தலைமுறையாக வழங்கும் அறிவு இது.

உறையைப் பற்றி இந்தியாவில் நிகழ்ந்த ஒரு வரலாறும் உண்டு. ஆங்கிலேயப் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்து, கோடையில் எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாமலே பித்தளை உறைகள் வெடிப்புற்றிருந்தன. பருவகால வெடிப்பு என்றே அதற்குப் பெயரிட்டனர். காரணம் வெகுகாலம் புலப்படவில்லை. 1921ஆம் ஆண்டில்தான் ஆய்வாளர்கள் தெளிவுபடுத்தினர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஒரு புறம். உறையை அச்சில் இழுத்துச் செய்தபோது உலோகத்தினுள் தங்கிவிட்ட இழுவிசை மறு புறம். இரண்டும் ஈரக்காற்றில் சந்தித்தபோது பித்தளை பிளந்தது. மெல்லச் சூடேற்றி உள்விசையைப் போக்கியதும் சிக்கல் தீர்ந்தது. இன்று எந்தத் தொழிற்சாலையில் பித்தளை உறுப்பு அழுத்திச் செய்யப்பட்டாலும் இந்தப் பாடம் அங்கே பயன்படுகிறது.

பிரைமரும் குண்டும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரைமர் ஒரே ஆழத்தில் அமரவேண்டும். குண்டு ஒரே ஆழத்தில் செருகப்படவேண்டும். குண்டுகளின் எடையும் வடிவமும் ஒத்திருக்கவேண்டும். 50 மீட்டர் போட்டிக்குரிய சிறு தோட்டாவில் பற்றும் மருந்து உறையின் விளிம்பிலேயே பூசப்பட்டிருப்பதால் அதை மறுபடி நிரப்ப இயலாது. அவ்வீரர்கள் வேறு வழி காண்கின்றனர். தம் துப்பாக்கியைத் தோட்டா ஆலைக்கே எடுத்துச் சென்று, இடுக்கியில் பிணித்து, வெவ்வேறு தொகுதித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, சிதறல் குறைந்த தொகுதியை மொத்தமாக வாங்கிக்கொள்கின்றனர்.

அளவு தவறினால் குறி தவறுவது மட்டுமன்று. மருந்து கூடினால் அழுத்தம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. அதனினும் விரைந்து ஏறும். ஒருவகை மருந்துக்குப் பதில் விரைந்து எரியும் வேறுவகை மருந்தை அறியாமல் இட்டாலும், கவனம் சிதறி ஒரே உறையில் இருமுறை இட்டாலும், துப்பாக்கியே சுடுபவரின் முகத்தருகே வெடித்துவிடும். ஆதலால் இவ்வேலை செய்யும் மேசையின்மேல் ஒரு நேரத்தில் ஒருவகை மருந்துக் குப்பி மட்டுமே இருக்கவேண்டும் என்பது உலகெங்கும் உள்ள கட்டுப்பாடு. பள்ளி வேதியியல் கூடத்திலும் இந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பது என் கருத்து.

இனி, எண்களைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேனே, அதற்கு வருகிறேன். குறிசுடுவோர் பலர் மூன்று தோட்டாக்களைச் சுட்டு, மிகப் பெரிய வேகத்திற்கும் மிகச் சிறிய வேகத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, ‘ஐந்து மீட்டர்தான் வீச்சு, அருமையான தோட்டா’ என்று மகிழ்வார்கள். அதே தோட்டாவைப் பத்து முறை சுட்டால் வீச்சு ஒன்பது மீட்டராகும். இருபது முறை சுட்டால் பதினொன்றாகும். தோட்டா கெட்டுவிடவில்லை. திட்டவிலக்கம் என்று புள்ளியியலார் கூறும் உண்மையான சிதறல் மூன்றிலும் 3 மீட்டர்தான். எத்தனை முறை சுடுகிறோமோ அத்தனைக்கு, அரிதாக வரும் கோடி எண்கள் வெளிப்படும் வாய்ப்பு மிகும். சராசரியாக, வீச்சானது திட்டவிலக்கத்தைப் போல மூன்று தோட்டாக்களில் 1.69 மடங்கு, பத்தில் 3.08 மடங்கு, இருபதில் 3.73 மடங்கு. எனவே மூன்று சுட்ட ஒருவரும் பத்துச் சுட்ட ஒருவரும் தத்தம் வீச்சைச் சொல்லி வாதிடுவது, மரக்காலையும் படியையும் ஒன்றாக வைத்து நெல் அளப்பது போன்றது.

ஒட்டாத எண் ஒன்று வந்தால், ‘அது ஏதோ தவறிப்போனது’ என்று நீக்கிவிடும் வழக்கமும் உண்டு. பரிசோதனைக் குறிப்பேடுகளை நாற்பதாண்டுக் காலம் திருத்தியவன் என்ற முறையில், இவ்வழக்கம் துப்பாக்கி பிடிப்பவர்க்கு மட்டும் உரியதன்று என்று உறுதி கூறுவேன். மூன்று அளவுகளில் இரண்டு நெருங்கி, ஒன்று விலகி நின்றால், அந்த மூன்றாவதை ரப்பரால் அழித்த தடம் தாளில் எப்போதும் தெரியும். விலகிய அளவுக்குக் காரணம் கண்டால் நீக்கலாம். பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது.

மற்றொன்று. சிதறல்கள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடுகின்றன. ஒருவருக்கு மருந்தளவால் 4 மீட்டர் சிதறலும் உறையின் எடை வேறுபாட்டால் 1 மீட்டர் சிதறலும் வருவதாகக் கொள்வோம். மொத்தம் ஐந்து அன்று. 16ஐயும் 1ஐயும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 4.12. அவர் இரவெல்லாம் விழித்து உறைகளை நிறுத்துப் பிரித்து, அந்த ஒரு மீட்டரை அடியோடு ஒழித்துவிட்டார். மீதி எவ்வளவு? 4. இரவு முழுதும் உழைத்ததன் ஊதியம் 0.12 மீட்டர். அதே உழைப்பை மருந்தளவின்மேல் செலுத்தி, நான்கை இரண்டாக்கியிருந்தால் மொத்தம் 2.24 ஆகக் குறைந்திருக்கும். இவ்விளையாட்டில் சடங்குபோலச் செய்யப்படும் பல நுணுக்கங்கள் இந்த ஒரு மீட்டர் வகையைச் சேர்ந்தவை என்றே நான் எண்ணுகிறேன். அவற்றைச் செய்வதில் ஒரு மனநிறைவு உண்டு, நான் மறுக்கவில்லை.

காற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். 900 மீட்டர் தொலைவில், குறுக்காக வீசும் காற்றை வினாடிக்கு ஒரு மீட்டர் அளவு தவறாக மதித்தால் குண்டு ஏறக்குறைய அரை மீட்டர் விலகிப் போகும். தோட்டாவை எவ்வளவு செப்பம் செய்தாலும் இது மாறாது. ஆகவே பிஸ்லியின் புகழ்பெற்ற அரசர் பரிசுப் போட்டியில் எல்லோருக்கும் ஒரேவகைத் தோட்டாவை வழங்கிச் சுடச்செய்யும் மரபு நெடுங்காலம் இருந்தது. கொடியின் அசைவையும் கானலின் ஓட்டத்தையும் பார்த்துக் காற்றைப் படிப்பவர் எவரோ அவருக்கே பரிசு என்பது அதன் கருத்து. அந்தச் சங்கத்தின் முதற்போட்டி 1860ஆம் ஆண்டு விம்பிள்டனில் தொடங்கியபோது, விக்டோரியா அரசியார் 400 கஜத் தொலைவில் முதற்குண்டைச் சுட்டார். மேடையில் இறுகப் பொருத்திய துப்பாக்கியின் விசையைக் கயிற்றால் இழுத்ததே அவர் செய்தது. குண்டு நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பட்டது. அத்துப்பாக்கியைச் செய்தவர் ஜோசப் விட்வொர்த். திருகாணிகளின் புரிக்கு ஒரே அளவு வேண்டும் என்று 1841ஆம் ஆண்டில் வகுத்துக்கொடுத்தவரும் அவரே. அவர் பெயரால் வழங்கும் திருகாணியை நம் பட்டறைகளில் இன்றும் கேட்டு வாங்குவார்கள்.

பிள்ளைப்பாக்கத்துத் தொழிற்கூடங்களில் பணிபுரிபவர்க்கு நான் சொன்ன சிதறல் கணக்கு புதிதன்று. அமெரிக்கரான ஷூவார்ட், 1924ஆம் ஆண்டில் கட்டுப்பாட்டு வரைபடம் என்ற ஒன்றை அமைத்தார். எந்திரத்தில் எப்போதும் உள்ள இயல்பான சிதறல் எது, புதிதாகப் புகுந்த கோளாறு எது என்று பிரித்துக் காட்டுவது அது. பேராசிரியர் மகலநோபிஸ் அழைப்பின்பேரில் அவர் இந்தியாவுக்கும் வந்து சென்றார். அவர் வழிவந்த டெமிங் பெயரால் ஜப்பானில் வழங்கப்படும் பரிசை, சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998ஆம் ஆண்டில் பெற்றது. இந்தியாவில் அப்பரிசை முதலில் பெற்றது அதுவே.

டெமிங் தம் வகுப்புகளில் செய்து காட்டிய ஒரு சோதனை உண்டு. துப்பாக்கி வேண்டா, ஒரு புனலும் ஒரு கோலிக்குண்டும் போதும். பெரிய தாள் ஒன்றைத் தரையில் விரித்து, நடுவில் புள்ளி வையுங்கள். புள்ளிக்கு நேர்மேலே, முழ உயரத்தில் புனலை நிறுத்துங்கள். கோலியைப் புனலில் விட்டு, அது உருண்டு நின்ற இடத்தைக் குறியுங்கள். புனலை அசைக்காமல் ஐம்பது முறை செய்யுங்கள். பிறகு வேறொரு தாளை விரியுங்கள். இம்முறை ஒவ்வொரு தடவையும், கோலி புள்ளியை விட்டு எத்தனை விரற்கடை எந்தப் பக்கம் விலகியதோ அத்தனை விரற்கடை எதிர்ப்பக்கமாகப் புனலை நகர்த்திவிட்டு அடுத்ததை விடுங்கள். ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் குறிமுனையைத் திருகித் திருத்தும் சுடுநர் செய்வதும், ஒவ்வோர் உறுப்புக்குப் பின்னும் எந்திரத்தைத் திருகும் பயிற்சித் தொழிலாளர் செய்வதும் இதுவே. கணக்கின்படி, திருத்திக்கொண்டே இருந்த இரண்டாவது தாளில் சிதறல் முதலாவதைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு வரவேண்டும். ஐம்பது ஐம்பதாக விட்டு, இரு தாள்களையும் சுவரில் அருகருகே ஒட்டி அளந்து பாருங்கள்.